அக்கா வீட்டின் செட்டிங்ஸ் பக்கம்

எங்கள் கம்பெனி செய்கிற பொருளுக்கு நல்ல பெயராகத்தான் ஒன்று வைத்திருக்கிறோம். என் அக்கா அதைப் பொட்டி என்பாள். மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. விளக்கு, ஃபேன், கீசர், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதன் சொல் கேட்கும். எந்த அறையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதைச் சுவர் மூலைகளில் ஒட்டியிருக்கும் சென்சார்கள் அதற்குச் சொல்லும். பெட்டியைச் செய்வது என் கூட்டாளியின் வேலை. அந்தப் பெட்டியிடம் இன்னது இப்போது செய் என்று மனிதர்கள் சொல்ல ஒரு வெப் பக்கம் வேண்டுமே, அதை எழுதுகிறவன் நான். எந்த அறைக்கு என்ன பெயர், எந்த விளக்கு எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன அனுமதி, யாருக்கு எப்போது எச்சரிக்கை போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு இடம் உண்டு. அதுதான் செட்டிங்ஸ் பக்கம்.

இதை ஒரு வேலையாக யாரும் மதிப்பதில்லை. பெட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், கூட்டாளியிடம் நான்கு கேள்வி கேட்பார்கள். என் பக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் நேராக என்னிடம் வருவார்கள். ஒரு முறை கரண்ட் போய் வந்ததும் பெட்டியின் கடிகாரம் குழம்பி, வடமாலபேட்டையில் ஒரு வீட்டு மோட்டார் பட்டப்பகலில் ஓடி, மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்தது. அந்த வீட்டுக்காரர் போன் செய்து திட்டியது என்னைத்தான். கடிகாரம் கூட்டாளியின் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

எங்கள் அலுவலகம் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. என் மேஜையிலிருந்து பார்த்தால் மலை தெரியும். கீழே நாள் முழுக்க மொட்டைத் தலைகள் போகும், வரும். எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. திரையில் ஒரு பட்டன் சரியான இடத்தில் உட்காராமல் மூன்று நாள் என்னைப் படுத்தினால் அப்போது மட்டும் நிமிர்ந்து மலையைப் பார்ப்பேன். மற்றபடி பார்ப்பதில்லை.

அக்கா சித்தூரில் தனியாக இருக்கிறாள். என்னைவிட நிறைய மூத்தவள். பஸ் டிப்போ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த டிரைவர் எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்கு என்று டூட்டி சார்ட் போடுவதுதான் அவள் வேலை. பலமனேர் வண்டிக்கு ஆள் வரவில்லை என்றால் யாரை எழுப்பி அனுப்பலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அத்தான் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகன், பெங்களூரில் வேலை. எனக்கு மருமகன் முறை. அமைதியான பையன், அம்மா மேல் உயிர். அதனால்தான் இவ்வளவு வம்பும் வந்தது.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அக்கா பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பில் லேசான விரிசல். எழுந்திருக்க முடியாமல், பக்கத்து வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் அப்படியே கிடந்திருக்கிறாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸுக்கு டூட்டி போட்டுக்கொண்டிருந்தாள். மருமகனால் அதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அம்மா தரையில் கிடந்த அந்த நேரத்தை அவன் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"வீட்ட வாடகைக்கு உட்டுட்டு எங்கூட வந்துடு" என்றான்.

"பதினோராவது மாடில உக்காந்துகினு நான் இன்னா பண்ணுவேன்? காக்காவுக்குச் சோறு வெக்கக்கூட ஜன்னல் தொறக்காது" என்றாள் அக்கா.

அவன் என்னைப் பார்த்தான். எங்கள் குடும்பங்களில் இப்படி ஒரு முட்டுச்சந்து வந்தால் தாய்மாமனைப் பார்ப்பதுதான் வழக்கம். மாமன் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும். என் தொழில் எனக்கு ஒரு வழி காட்டியது. நம் பெட்டியை அக்கா வீட்டில் மாட்டுவோம், அறைக்கு ஒரு சென்சார் வைப்போம், அக்கா வீட்டில் இருந்தும் வெகுநேரம் நடமாட்டமே இல்லையென்றால் உனக்கு உடனே எச்சரிக்கை வரும், அக்கா அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். மருமகன் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். இனி ஒரே ஒரு முறை ஏதாவது ஆனாலும் அம்மா பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் பேச்சே கிடையாது.

அக்காவும் தலையாட்டினாள். அந்த வீட்டில் அவள் தொடர்ந்து இருப்பதும் இல்லாததும் என் பக்கத்தின் கையில் வந்து விழுந்தது அப்படித்தான்.

பெட்டியை மாட்டிய அன்று நான்தான் எல்லாவற்றையும் பதிந்தேன். ஹால், சமையல் ரூம், படுக்கை ரூம், சாமி ரூம், பாத்ரூம் வழி. என் பக்கத்தில் ஆட்களுக்கு மூன்று வகை வைத்திருந்தேன். உரிமையாளர் எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம். உறுப்பினர் விளக்கு ஃபேன் போடலாம். விருந்தாளி ஹால் விளக்கோடு சரி. உரிமையாளர் இடத்தில் மருமகனின் மின்னஞ்சலைப் போட்டேன். அவன்தான் வாங்கினான், அவனுக்குத்தான் இதெல்லாம் புரியும். அக்கா உறுப்பினர். பழுது பார்க்க வேண்டுமே என்று என்னையும் ஒரு உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டேன். அக்கா அந்தப் பக்கம் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அக்கா வீட்டில் இருக்கிறாளா, வெளியே போயிருக்கிறாளா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் ஆள் வீட்டில். போன் போய்விட்டால் ஆளும் போய்விட்டாள். இந்தக் காலத்தில் போனை விட்டுவிட்டு யார் வெளியே போகிறார்கள்? உலகம் பூராவும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. அக்கா மார்க்கெட் போவாள், பக்கம் 'வெளியே' என்று காட்டும். திரும்பி வருவாள், 'வீட்டில்' என்று மாறும். மாதக்கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் மற்ற வேலைகளுக்கு முன் அக்கா வீட்டுப் பக்கத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சமையல் ரூமில் நடமாட்டம். சரி, எழுந்துவிட்டாள். மனசு நிம்மதியாகி அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். மருமகனும் அப்படித்தான் என்று பிறகு சொன்னான்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன், மருமகன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"மாமா, பக்கத்தப் பாருங்க."

பார்த்தேன். அக்கா: வீட்டில். கடைசி நடமாட்டம்: விடியற்காலை. அதற்குப் பிறகு எந்த அறையிலும் ஒன்றுமில்லை. எச்சரிக்கை காலையிலேயே போயிருக்கிறது. அவன் ஏதோ மீட்டிங்கில் போனைச் சைலண்ட்டில் போட்டுவிட்டு இப்போதுதான் பார்த்திருக்கிறான். அம்மாவுக்கு அடித்திருக்கிறான், மணி போகிறது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அடித்திருக்கிறான், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

"நான் கெளம்பிட்டேன் மாமா. முளபாகல் தாண்டவே நேரமாயிடும். நீங்க கொஞ்சம்..."

"நான் போறேன்டா. நீ வண்டிய மெதுவா ஓட்டு" என்று சொல்லிவிட்டு பைக் சாவியையும் லேப்டாப் பையையும் எடுத்தேன்.

சந்திரகிரி தாண்டிச் சித்தூருக்குப் போன அந்தச் சாலையில் என் மனசு என்ன பாடுபட்டது என்று சொல்லத் தெரியவில்லை. பயம், வேறொன்றுமில்லை. நைனா இறந்த பிறகு எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியவள் அக்கா. அவள் பாத்ரூம் வாசலில் கிடப்பது போலவே கண்ணில் வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பெட்டியை மாட்டிவிட்டதே நான்தான், ஆனால் அது என்னிடம் சொன்னதை நான்கூடப் பார்க்கவில்லை. அன்று காலை ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததில் அக்கா வீட்டுப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அடித்தேன். பதில் இல்லை. கதவில் உள்பூட்டு, ஆள் உள்ளே இருக்கிறாளா இல்லையா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. சாவி ஒன்று மருமகனிடம், ஒன்று பக்கத்து வீட்டில். பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. என் போனிலிருந்து அக்காவுக்கு அடித்தேன். உள்ளே மணி அடிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. அடித்து அடித்து நின்றது. எதிர் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். இரண்டு பேருமாகப் பின்கதவின் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டு உள்ளே ஓடினோம்.

பாத்ரூமில் யாரும் இல்லை. ஹாலில் இல்லை. கட்டில் விரிப்பு இழுத்துச் சரியாகப் போடப்பட்டிருந்தது. சமையல் ரூமில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜரில் செருகியபடி அக்காவின் போன். நான் திரும்ப வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். வாசலில் காலையில் போட்ட கோலம் அப்படியே இருக்கிறது. செருப்பு ஸ்டாண்டில் அக்காவின் செருப்பைக் காணோம்.

எதிர் வீட்டுக்காரர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார். "காலைல பக்கத்து வீட்டுக்காரங்க வேன் வெச்சிகினு பேரனுக்கு மொட்டை போட மலைக்குப் போனாங்களே. டீச்சரம்மா கூட ஏறின மாதிரி இருந்துச்சு." எல்லாக் கிளார்க்குகளும் அவருக்கு டீச்சரம்மாதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மலைக்குப் போகிறவர்கள் போனைக் கொண்டுபோக மாட்டார்கள். கோயிலுக்குள் விடமாட்டார்கள், கவுன்ட்டரில் கொடுக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. எதற்கு அந்தத் தொல்லை என்று எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் அணைத்துக் கவுன்ட்டரில் கொடுப்பார்கள், பக்கத்து வீட்டு அம்மா மாதிரி. நானே எத்தனை முறை என் போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டு ஏறியிருக்கிறேன்! இந்தக் கணக்கை அமெரிக்காவில் இருக்கிற ஒருவன் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். நான் அலிபிரி சாலையில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற மலையில் அக்கா வரிசையில் நின்றுகொண்டிருக்க, அவளைத் தேடி நான் முதுகைக் காட்டிக்கொண்டு சித்தூருக்கு ஓடி வந்திருக்கிறேன்.

மருமகனுக்குச் சொன்னேன். அவன் பலமனேர் தாண்டிவிட்டிருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினான். பிறகு, "வந்துட்டுத்தான் போவேன் மாமா" என்றான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா பொழுது சாய்கிற நேரத்தில் வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் லட்டு கவர். ஹாலில் மகன், தம்பி, மூலையில் பெயர்த்துப் போட்ட தாழ்ப்பாள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னாடா இது, யார் வீட்ல கொள்ளை?" என்றாள்.

மருமகன் எழுந்தான். "போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதாம்மா?"

"சொல்றதுக்கு நீ எப்படா எனக்கு போன் பண்ணே?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயுந்தான். முன்னெல்லாம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா, துன்னியா, தூங்கினியான்னு கேப்பீங்க. இந்தப் பொட்டிய மாட்டின நாள்லருந்து ரெண்டு பேரும் உட்டுட்டீங்க. யாரும் கேக்கலியே, யார்கிட்ட சொல்லிட்டுப் போறது?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. லட்டு கவரை மேஜை மேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்னது உண்மைதான். திரையில் தெரிந்துவிடுகிறது, அப்புறம் எதற்குக் கூப்பிடுவது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமலேயே நினைத்திருக்கிறோம்.

மருமகன் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாள் பூராவும் பயந்தவன். "போதும்மா. பேசினபடி நீ கெளம்பு. உன் உடம்பு எப்டி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி நீ எத்தினி வாட்டி பாத்ரூம் போறேன்னுகூட எனக்குத் தெரியும்" என்றான்.

அக்காவின் கை முகத்திலேயே நின்றது.

"அது உனக்கு எப்டித் தெரியும்?"

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அக்காவும் என்னைப் பார்த்தாள். நான் மேஜையில் கிடந்த என் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். வேறு என்ன செய்வது? அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அறைவாரியாக, மணிவாரியாக, நிறம் நிறமாகக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நிறம் தேர்ந்தெடுக்க நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "டூட்டி சார்ட்" என்றாள். "சர்வீஸ் பூரா நான் டிரைவருங்களுக்குப் போட்டேன். இப்ப நீங்க எனக்குப் போட்டுக்கினு கீறீங்க. ஒண்ணு மட்டும் வித்தியாசம், எங்க சார்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். எவன் எங்க போறான்னு அவனுக்குத் தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். மருமகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களே சொல்லுங்க மாமா" என்றான். தாய்மாமனிடம் வழக்கு வந்துவிட்டது.

எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. "ஒரு மாசம் குடு. நான் பக்கத்த மாத்தி எழுதறேன். அதுக்கப்புறமும் உனக்கு மனசு ஒப்பலன்னா நானே உங்கம்மாவ இட்டுக்கினு வந்து உங்க வீட்ல உடறேன்" என்றேன். உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

மாற்றி எழுதுகிறேன் என்று சொல்வது சுலபம். அடித்தளத்தில் போட்ட ஒரு கணக்கை மாற்றினால் மேலே இருக்கிற அத்தனையும் ஆடும். நான் எதை மாற்ற வேண்டும் என்பது எனக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. போனை நம்பாமல் வாசலில் ஒரு சுவிட்ச் வைப்பது சின்ன வேலை. போகும்போது தட்டினால் 'வெளியே', வரும்போது தட்டினால் 'வீட்டில்'. பெரிய வேலை யாருக்கு என்ன அனுமதி என்பதில்தான். பெட்டியை வாங்கியவர் உரிமையாளர் என்பதை அடித்துவிட்டு, அந்த வீட்டில் குடியிருக்கிறவர் உரிமையாளர் என்று எழுதினேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு சென்சாருக்கும் எதிரே, இதை யார் பார்க்கலாம் என்று ஒரு கட்டம். டிக் போட வேண்டியவர் வீட்டில் இருக்கிறவர். யாராவது பார்த்தால், யார் எப்போது பார்த்தார் என்று அவருக்குத் தெரியும். நோட்டீஸ் போர்டு.

கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்கறது யாரு? புள்ளைங்க. அவங்களையே வெளிய நிக்க வெச்சா எவன் வாங்குவான்?" என்றான். நியாயமான கேள்விதான். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். "அப்ப உங்க அம்மா வீட்ல மாட்டு. அவங்க எத்தினி மணிக்கு எங்க போறாங்கன்னு நான் இங்க உக்காந்துகினு பாக்கறேன்" என்றேன். அவன் அன்றைக்கு என்னோடு டீ குடிக்க வரவில்லை. மறுநாள் வந்து, "சரி, எழுது. ஆனா பழையபடி வேணும்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு நீதான் சொல்லணும்" என்றான். இன்றுவரை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில பேர் வாங்காமல் போயும் இருக்கிறார்கள்.

சொன்ன மாசம் முடிவதற்குள் சித்தூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை, மருமகனும் வந்திருந்தான். புதுப் பக்கத்தை டேப்லெட்டில் திறந்து அக்காவிடம் கொடுத்தேன். எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது, பழையபடியே. "எது வாணாமோ எடுத்துடு" என்றேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து ஆரம்பித்தாள். பாத்ரூம் வழி, எடுத்தாள். படுக்கை ரூம், எடுத்தாள். சாமி ரூம், ஹால், மொட்டை மாடி விளக்கு. மருமகன் தன் போனில் அதே வீட்டைத் திறந்து வைத்திருந்தான். அவன் திரையில் ஒவ்வொரு வரியாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வெள்ளையாக ஆகிவிட்டது. அவன் போனைத் தொடையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அவன் அம்மாவை இங்கே விட்டுவைக்க மாட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த மழை நாளில் தரையில் கிடந்தது அவன் அம்மா.

அக்கா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு மகனின் கவிழ்ந்த போனைப் பார்த்தாள். பிறகு ஒரு கட்டத்தில் மட்டும் விரலை வைத்தாள்.

"பாரு" என்றாள் மகனிடம்.

அவன் போனைத் திருப்பினான். ஒரே ஒரு வரி. சமையல் ரூம் விளக்கு.

"காலைல எழுந்தா மொதல்ல காப்பிதான் போடுவேன். அந்த ரூம்ல லைட்டு இல்லாம ஒண்ணும் தெரியாது. லைட்டு எரிஞ்சா உங்கம்மா எழுந்துட்டான்னு அர்த்தம். ஏழு மணிக்குள்ள எரியலன்னா உனக்கும் பக்கத்து வீட்டுக்கும் மணி அடிக்கட்டும். அவங்ககிட்ட சாவி கீது. மலைக்குப் போனா வாசல் சுவிட்ச தட்டிட்டுப் போறேன். இதுக்கு மேல உனக்கு இன்னா வேணும், சொல்லு."

அவன் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "போதும்மா" என்றான். கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி டேப்லெட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"இது யாரு? உன் பேரு எதுக்கு இங்க கீது?" என்று என்னைக் கேட்டாள்.

"பழுது வந்தா பாக்கணுமேக்கா. அதுக்காக."

"பழுது வந்தா கூப்புடறேன்" என்று சொல்லி என்னை எடுத்துவிட்டாள். நிஜமாகவே நீக்கவா என்று பக்கம் ஒரு முறை கேட்கும். நான் எழுதினதுதான். அதற்கும் யோசிக்காமல் ஆமாம் என்று தட்டினாள்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் பழக்கதோஷத்தில் அக்கா வீட்டைத் தேடினேன். என் பட்டியலில் இல்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். காப்பி ஆச்சா என்று கேட்டேன். அது தினமும் தொடர்கிறது. சில நாள் இரண்டு நிமிஷம், சில நாள் பக்கத்து வீட்டுக் கதை முழுக்க.

போன மாதம் ஒரு வேலையாகப் பலமனேர் போனவன், திரும்பும் வழியில் அக்கா வீட்டில் தங்கினேன். காலையில் எழுந்து சமையல் ரூமுக்குப் போனால் அக்கா மங்கலான வெளிச்சத்தில் நின்று காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுப்பின் நீல நெருப்பு மட்டும்தான் வெளிச்சம். கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நான் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

"போடாத" என்றாள்.

"ஏன்கா? பல்ப் போயிடுச்சா?"

"இரு."

என் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் தன் டம்ளரோடு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றாள். நான் ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஆகப்போகிறது. எனக்குப் புரிய ஆரம்பித்தது, நம்பத்தான் முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எப்பவும் இல்ல. அவன் கூப்புட்டு நாலு நாள் ஆனா மட்டும். பக்கத்து வீட்லயும் சொல்லி வெச்சிகீறேன், மணி அடிச்சா பதறாதீங்கன்னு."

"நீயே கூப்பிடலாமே."

"ஆபீஸ் அவசரத்துல இருப்பான். நான் கூப்பிட்டா, இன்னாம்மா, சொல்லும்மான்னு ஓடிக்கினே பேசுவான். அவனே கூப்பிட்டா உக்காந்து பேசுவான்."

நான் எழுதின பக்கத்தில் இப்படி ஒரு வசதி எங்கேயும் கிடையாது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஃப்ரிட்ஜ் மேலிருந்த போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"எழுந்துட்டேன்டா. நல்லா கீறேன். லைட்டு போட மறந்துட்டேன்" என்றாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ராத்திரி என்ன துன்னே, சளி போச்சா, அந்த மேனேஜர் இப்ப எப்டி இருக்கான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பக்கம் அவன் பேசினான், இவள் சிரித்தாள். காப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. ஹால் ஜன்னலில் வெயில் வந்துவிட்டது.

பேசி முடித்துப் போனைத் திரும்ப ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அப்புறம் போய் சுவிட்சைப் போட்டாள்.